முனகினால் டீ ஊற்ற வேண்டும்

1. ஜன்னலில் பிடித்த பீஸ்

எங்கள் பனியன் கம்பெனியில் பெட்டியெல்லாம் ஒட்டி லாரிக்குக் காத்திருந்த நாளில்தான், சரக்கை வாங்குகிற பையர் தரம் பார்க்க அனுப்பிய க்யூ.சி. வந்தார். குழந்தைகள் டீ-ஷர்ட், நேவி நீலம். ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். ஒரு பீஸை எடுத்து, எங்கள் டேபிளில் வைத்துப் பார்க்காமல் நேராக ஜன்னலுக்குப் போய் வெயிலில் பிடித்தார்.

பாடி ஒரு நீலம், ஸ்லீவ் ஒரு நீலம். ஸ்லீவில் லேசாகச் செம்மை ஓடியது. அடுத்த பீஸும் அப்படியே. வேறு வேறு நாளில் சாயம் போட்ட துணி கட்டிங்கில் கலந்திருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் செக்கிங் இருக்கிறது. அந்தச் செக்கிங்குக்கு இன்சார்ஜ் நான்.

பாஸ் பண்ணுகிற பீஸில் அவரவர் நம்பர் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அந்தப் பீஸ்களில் இருந்தது ஏழு. ஏழு என்றால் செல்வி.

2. நான் போட்ட சட்டம்

எனக்குச் சொந்த ஊர் குண்டடம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் துணியில் ஒற்றை இழை விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துத்தான் பதினோரு பெண்களுக்கு இன்சார்ஜ் ஆனேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

குறை கண்டுபிடிப்பதுதான் செக்கிங் வேலை. தப்பு இருக்கிற இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். நாள் முழுக்க அதையே செய்தால் அந்தப் பழக்கம் வாய்க்கும் வந்துவிடும். டீ தண்ணியாக இருக்கிறது, ஃபேன் காற்று வரவில்லை, கத்தரிக்கு முனை இல்லை. காலையில் ஆரம்பித்தால் பெல் அடிக்கும்வரை ஓயாது. செல்விதான் அதில் முதல் ஆள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். லைன் வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிக்க அவள் ஒருத்திதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "இங்க பாருங்க அம்மிணிகளா, இனி என் டேபிள்ல யாரு முனகுனாலும், அன்னைக்கு எல்லாருக்கும் டீ ஊத்தோணும். ஊத்தி முடிச்சுப்போட்டுத்தான் அவங்க குடிக்கோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பத்து நிமிஷ பிரேக்கில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பதினோரு பேருக்கு ஊற்றினால், கடைசியில் ஆறின டீயை நின்றுகொண்டே விழுங்க வேண்டும். அந்த வாரம் மூன்று நாள் செல்விதான் ஊற்றினாள்.

"ஸ்டூலு ஆடுதுன்னு சொன்னது குத்தமாக்கா?" என்றாள்.

"ஸ்டூலு ஆடல, உன் வாய்தான் ஆடுது" என்றேன். டேபிளே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் எங்கள் தலைக்கு மேலிருந்த இரண்டு டியூப் லைட்டில் ஒன்றை எலக்ட்ரீஷியன் அயர்னிங்குக்குக் கழற்றிக்கொண்டு போனார். மிச்சம் இருந்ததும் ஓரம் கறுத்த பழைய டியூப். நேவி நீலம் டேபிளுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

"எக்கா, இந்த வெளிச்சத்துல நீலமும் கறுப்பும் ஒண்ணுபோல இருக்கு. ஷேடே தெரிய மாட்டுக்கு."

நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "கெட்டிலு அங்கிருக்குது, செல்வி."

அவள் போய் டீ ஊற்றினாள். மறுநாள் லைட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. டேபிள் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

3. அவள் சொல்லாதது

க்யூ.சி. வந்த அன்றைக்கே மேனேஜர் செல்வியைக் கூப்பிட்டு நிறுத்தினார். "கண்ணு தெரியுதா இல்லையாம்மா உனக்கு? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது சொல்வாள், லைட்டைச் சொன்னேன், இந்த அக்காதான் வாயை அடைத்தது என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நான் மறுத்துப் பேசியிருப்பேனோ என்னவோ. இன்சார்ஜ் பதவி அப்படி.

அவளோ தலையைக் குனிந்துகொண்டு கத்தரியை டேபிளில் வைத்தாள். டீக்கும் ஸ்டூலுக்கும் வாய் திறந்தவள், வேலை போகிற நேரத்தில் வாய் திறக்கவில்லை. அப்படி நான்தான் பழக்கியிருக்கிறேன். அது என் தலையில் இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஏனுங்க சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க" என்றேன். "லைட்டு பத்தலைன்னு அது சொல்லுச்சுங்க. நாந்தான் காதுல வாங்கலீங்க."

"எலக்ட்ரீஷியன்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க சார்."

"என்கிட்ட?"

"இல்லீங்க."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நீங்க இன்சார்ஜா இருக்க வேண்டாம். செல்வி, நீ போய் உன் வேலையைப் பாரு."

4. ஆடுகிற ஸ்டூல்

பெட்டி பெட்டியாகப் பிரித்து, டேபிள்களை வராந்தா வெயிலுக்கு இழுத்துப்போட்டு, மொத்த லாட்டையும் திரும்பப் பார்த்தோம். நானும் பார்த்தேன். காலியாகக் கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அது ஆடியது. ஒரு கால் குட்டை. மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போனது.

டீ வந்தது. வாயில் வைத்தேன். வெறும் வெந்நீர்.

"என்னமோ தண்ணியாட்டம் இருக்குது" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

எதிரே இருந்த செல்வி குனிந்த தலை நிமிராமல், "கெட்டிலு அங்க இருக்குக்கா" என்றாள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் எழுந்து போய்ப் பதினோரு பேருக்கும் ஊற்றினேன். அவளுக்கு முதலில் ஊற்றினேன்.

பிறகு வேறொரு கம்பெனியில் மறுபடி இன்சார்ஜ் ஆனேன். அங்கே தினமும் வேலை தொடங்குமுன் டேபிளைச் சுற்றி வந்து, இன்றைக்கு என்ன குறை என்று ஒவ்வொருத்தியையும் நானே கேட்பேன். பத்துக் குறையில் ஒன்பது வீண் பேச்சுதான். இப்போது இன்சார்ஜாக இருக்கிற பெண்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அந்த ஒன்பதையும் கேளுங்கள். பத்தாவதைச் சொல்ல அவர்களுக்கு வாய் இருக்க வேண்டும்.