கதவைத் திறந்தும் நிற்காத மைக்ரோவேவ்

வெள்ளவத்தையில் நானும் கணவரும் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் மூச்சுவிட நேரம் கிடைக்காது. அன்றைக்கு ஒரு தட்டுச் சோற்றைச் சூடாக்கி எடுக்க மைக்ரோவேவின் கதவைத் திறந்தேன். உள்ளே கண்ணாடித் தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. இரைச்சலும் நிற்கவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் சமையலறையில் வேலை செய்யும் பெண்தான் நாள் முழுக்க அந்த மெஷினோடு நிற்பவள். அவளைக் கேட்டேன்.

"ஒரு கிழமையா இப்படித்தான் ஓடுது அக்கா. விரல் சுடுதுன்னு சின்ன முதலாளிகிட்ட சொன்னேன். சீக்கிரமா எடு, சுடாதுன்னாரு."

சின்ன முதலாளி என்றால் என் கணவரின் தம்பி. கூப்பிட்டுக் கேட்டதும் அவன் சிரித்தான்.

"அடிக்கடி ஃபியூஸ் போச்சுது அண்ணி. கதவு சுவிட்சுகளாலதான் கரைச்சல். அதுகளைக் கழட்டிப்போட்டு வயரை நேரா குடுத்திட்டன். இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை."

கல்யாணத்துக்கு முன் நான் மருதானையில் மின்சாதனங்கள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தவள். அது அவனுக்கும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்று சுவிட்சுகள். கதவைத் திறந்ததும் இரண்டு சுவிட்சுகள் மின்சாரத்தை நிறுத்தும். அவை பழுதாகி ஒட்டிக்கொண்டால், மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் ஆக்கி ஃபியூஸை எரித்துவிடும். ஃபியூஸ் எரிந்த ஒவ்வொரு முறையும் இவளுடைய கை தப்பியிருக்கிறது. அதைத்தான் இவன் கரைச்சல் என்கிறான்.

"ஒரு கிழமையா அவளின்ர கையை அவிச்சிருக்கிறாய்!" என்று கத்தினேன். பார்சலுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

அவன் முகம் கறுத்தது. "சரி, இப்பவே சுவிட்சுகளைத் திரும்பப் பூட்டிவிடுறன்," என்று ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தான்.

"தொடாத! பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்க கப்பாசிட்டர் கரண்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். செத்துப்போவாய்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். தன் கை என்றதும் எவ்வளவு கெதியாக இழுத்தான்!

அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். விரல் நுனிகளில் தோல் வெந்திருந்தது. மருந்து பூசினால் ஆறிவிடும் என்றார். திரும்பி வந்து மெஷினின் வயரை வெட்டி எறிந்தேன், இனி யாரும் செருகக் கூடாது என்று.

பின்னேரம் கணவர், "அவனும் கடைக்காகத்தானே செய்தவன், விடும்," என்றார்.

"உங்கட தம்பி ஒருக்காவது தன்ர கையை உள்ளுக்க விட்டுப் பார்த்தவரோ?"



பிறகு புதிய மைக்ரோவேவ் வாங்கினோம். ஓடும்போது கதவைத் திறந்து, அது சட்டென்று நிற்பதை அவளுக்குக் காட்டினேன்.

"நீங்க சொன்னா சரிதான் அக்கா. ஆனா நான் தொட மாட்டேன்," என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அவளைக் காய்கறி வெட்டும் பக்கம் மாற்றினேன். மைக்ரோவேவில் இப்போது கணவரின் தம்பிதான் நிற்கிறான். அவனோடு நான் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை.