பத்திரிகைகள் மெச்சிய மௌனம்

என் மனைவிக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிக்கும் தன் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தாளைப் புரட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பகலெல்லாம் சீருடை தைக்கும் கடையில் தையல் மிஷின். சாயங்காலம் கச்சேரி என்றால் கறுப்பு உடை, வளையல் போடாத வெறும் கை, சத்தம் போடாத செருப்பு. தங்கை தலையை அசைத்ததும் எழுந்து, தாளின் மேல்முனையைப் பிடித்துப் புரட்டிவிட்டு உட்கார வேண்டும். வாசிப்பவரைத் தொடக் கூடாது, பேசக் கூடாது, தும்மல் வந்தாலும் விழுங்க வேண்டும். வீட்டில் என்னை ஒரு வார்த்தை முழுசாகப் பேச விடாதவள் மேடையில் இப்படி என்றால் யார் நம்புவார்கள்?

மாமனார் சின்னவளுக்கு மட்டும்தான் பாடம் வைத்தார். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தே தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தங்கைக்கு ஒன்று என்றால் துடித்துப்போவாள்.

அந்த வருஷம் ஓர் இசையமைப்பாளர் புதிதாக ஒரு கான்செர்ட்டோ எழுதி, கொழுந்தியாளிடம் கொடுத்தார். ஒரு பியானோ, கூடவே மேடை நிறைய வாத்தியக்காரர்கள். எனக்கு அது பஸ் பணிமனைச் சத்தம் மாதிரி இருந்தது. நான் அங்கே மெக்கானிக், அதனால் தப்பாக நினைக்க வேண்டாம், பிடித்துத்தான் இருந்தது.

முதல் அரங்கேற்றம். இரண்டாம் பகுதியின் நடுவில் கொழுந்தியாளின் இடது கை கட்டைகளை விட்டு நழுவி மடியில் விழுந்தது. வாத்தியக்காரர்களை நடத்துபவரின் குச்சி அந்தரத்தில் நின்றது. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு கை மெல்ல மேலே வந்தது, வாசிப்பு தொடர்ந்தது. முடிந்ததும் ஒரே கைத்தட்டல்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அவ வேணும்னு கையை எடுக்கலீங்க. விரல் மடங்கவே இல்ல. துணி மாதிரி விழுந்துச்சு.”

காலையில் பத்திரிகை வந்தது. யாரையும் புகழாத விமர்சகர் ஒருவர் உண்டு, வாத்தியக்காரர்கள் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மனிதர் எழுதியிருந்தார்: “இந்தப் படைப்பின் உச்சம் அதன் இசையில் இல்லை, இரண்டாம் பகுதியின் மௌனத்தில் இருக்கிறது. இடது கை மடியில் இறங்கியபோது மரணமே வந்து உட்கார்ந்து கேட்டது.” மற்றவர்களும் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள். இசையமைப்பாளர் வாயைத் திறந்து ‘இல்லை’ என்றாரா? மூச்! சிவப்பு மையால் தாளில் அந்த மௌனத்தைக் குறித்து வைத்துவிட்டார்.

அதைவிடக் கொடுமை, கொழுந்தியாளே அதை நம்ப ஆரம்பித்ததுதான்.

“நானா யோசிச்சு செஞ்சதுதான்க்கா அது” என்றாள்.

“யார்கிட்ட கதை விடுற? நான் உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்டி!”

“நீ தாளைப் பாக்க வந்தியா, என் கையைப் பாக்க வந்தியா?”

அன்றே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் கையிலிருந்து கரண்டி நழுவியது. அவள் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. பிறகொரு நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். மனைவி டாக்டரிடம் நேரம் வாங்கினாள். கொழுந்தியாள் போகவில்லை. “அடுத்த கச்சேரி முடியட்டும்க்கா, சத்தியமா வர்றேன். மாமா, நீங்களாவது சொல்லுங்க.” நான் என்னத்தைச் சொல்ல? வெளியூர்களிலிருந்தெல்லாம் அழைப்பு. எல்லாருக்கும் அந்த மௌனம் வேண்டுமாம்.

அடுத்த கச்சேரிக்கு அரங்கு நிரம்பி வழிந்தது. இரண்டாம் பகுதி வந்ததும் என் பின்னால் ஒருவர் பக்கத்து ஆளிடம், “இப்ப வரும் பாருங்க” என்றார். வந்தது. கை மடியில் இறங்கியது. குச்சி அந்தரத்தில் நின்றது. அரங்கே சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

மௌனம் நீண்டது. நடத்துபவர் புன்னகையோடு காத்திருந்தார். என் மனைவி தலையசைப்புக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மேடையில் ஒருபோதும் குனியாதவள் குனிந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். உதட்டின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது.

“நிறுத்துங்க! என் தங்கச்சிக்கு என்னமோ ஆயிடுச்சு!”

அரங்கிலிருந்து “உஷ்ஷ்” என்றார்கள். உஷ்ஷாம்! அவள் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துகிறாள், இவர்களுக்கு உஷ்ஷு! நான் நாற்காலிகளைத் தாண்டி ஓடினேன்.

பக்கவாதம், உடனே கொண்டுபோனதால் உயிர் தப்பியது என்றார் டாக்டர். முதல் தடவையே வந்திருந்தால் கையும் தப்பியிருக்கலாம் என்றார். கத்தரிக்கோல் அன்று கூச்சல் கேட்டதுமே எழுந்துபோய், பத்திரிகை அச்சேறும் அவசரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பக்கம் புரட்டும் பெண்மணியின் பண்பற்ற கூச்சல் ஒரு மகத்தான மௌனத்தைக் குலைத்துவிட்டதாம். அதற்கடுத்த நாள் ஒரு மூலையில் வருத்தம் தெரிவித்தார்கள். அந்த வருத்தத்தை எந்தக் குப்பையில் போடுவது?

கொழுந்தியாள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் மனைவி தையலுக்குப் போய்வருகிறாள், கச்சேரிப் பக்கம் போவதில்லை. அந்த கான்செர்ட்டோ மட்டும் ஊர் ஊராக நடக்கிறது, வேறொருவர் வாசிக்கிறார். போன வாரம் வானொலியில் போட்டார்கள். இரண்டாம் பகுதி நெருங்கியதும் மனைவி அணைக்க எழுந்தாள்.

“வேணாம்க்கா” என்றாள் கொழுந்தியாள். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். “அது... என்னோடது.”

வானொலி அமைதியானது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேடையில் நல்ல கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் மனைவி தங்கையின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினாள். பியானோ மறுபடி ஆரம்பித்தது. அந்தக் கை அப்படியே கிடந்தது.