நெர்கலுக்குக் கொடுத்த பெயர்

குதா நகரத்தில் நெர்கல் கோயிலுக்கு மாவு அரைத்த பெண்களில் நருப்தும் என்பவள் அதிகம் பேசாதவள். செத்தவர்களை ஆளும் சாமிக்குப் போகிற மாவு என்று மற்றவர்கள் பயந்து பயந்து அரைப்பார்கள். இவள் அரைத்து முடித்து, கூலி வாற்கோதுமையை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

படைக்குப் போன அவள் புருஷன், நூராட்டும் என்பவன், திரும்பவில்லை. இருக்கிறானா, இல்லையா என்று சொல்ல ஆளில்லை. நிலா மறையும் நாளில் முன்னோர் பெயர்களைச் சொல்லி, வீட்டுத் தரையில் பதித்த மண்குழாயில் அவர்களுக்குத் தண்ணீர் விடுவது காமிலும் என்ற அவன் தம்பி தலையில் விழுந்தது. சில வருஷம் போனதும், அண்ணன் பெயரையும் சேர்க்கவா என்று கேட்டான்.

செத்திருந்தால், பெயர் சொல்ல ஆளில்லாமல் கீழே புழுதி தின்று கிடப்பான். உயிரோடிருந்தால், பெயர் சொன்ன அன்றே நெர்கலின் ஆளாகிவிடுவான்.

“நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன் மதினி,” என்றான் காமிலும்.

“பசியோட கெடக்க வேண்டாம் தம்பி. சேத்துடு.”

அழுகை வரவில்லை. மறுநாள் அரைக்கப் போனாள்.

அடுத்த அறுவடை சமயத்தில் நூராட்டும் வாசலில் வந்து நின்றான். ஒரு காது இல்லை. காமிலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

“ஆவி இப்படி நாறாது தம்பி. வழிய விடு,” என்றாள் நருப்தும்.

பூசாரியிடம் ஓடினார்கள். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் அவர். தண்ணீரை நிறுத்தினால், ஆள் எங்கே என்று நெர்கல் தேடி வருவான். அந்தப் பெயர் கீழேயே இருக்கட்டும்; ஆளுக்கு வேறு பெயர் வையுங்கள், லிபூரும் என்று.

“எங்கப்பன் வச்ச பேரு. எதிரிகூட அத எங்கிட்டேருந்து பிடுங்கல,” என்றான் நூராட்டும்.

“பேரா, நீங்களான்னு கேட்டா நான் என்ன செய்யட்டும்?” என்றாள் நருப்தும்.



நிலா மறைந்த நாளில் காமிலும் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா, தாத்தா, நூராட்டும் என்று சொல்லித் தண்ணீர் விட்டான். அண்ணன் மூலையில் உட்கார்ந்து தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தான். எதிரில் நருப்தும் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் ரொட்டியும் வெங்காயமும் எடுத்து வைத்தாள்.

“லிபூரும், சாப்பிட வாங்க.”

அவன் திரும்பவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் இன்னொரு தடவை கூப்பிட்டாள். எழுந்து வந்து ரொட்டியைப் பிட்டான்.