பல்செட்டுக்கு அடியில் பாய் கடை அட்டை

பல் கட்டும் தொழிலில் அடுத்தவர் வாயைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும்; அந்த வாய் இன்னொருத்தரைப் புகழ்ந்தால் எப்படி இருக்கும்? பாடுபட்டுவிட்டுப் பேரை எதிர்க்கடைக்குப் பறிகொடுத்த அன்பர்களே, உங்களுக்குப் புரியும். எண்பதுகளில் செஞ்சி திண்டிவனம் ரோட்டில் நான் பல்செட் செய்துகொண்டிருந்தேன். எதிரே பாஷா பாயின் மருந்துக்கடை.

மெட்ராஸ் சரக்கு

பாய் மெட்ராஸிலிருந்து மெல்லிய பஞ்சு அட்டை வரவழைத்தார். அளவாகக் கத்தரித்து, தண்ணீரில் நனைத்து, செட்டின் உள்பக்கம் வைத்துக் கடித்தால் ஈறோடு ஒட்டிக்கொள்ளும், உறுத்தாது. பல் போன தாடை வருஷாவருஷம் தேயும், செட் ஆடத்தான் செய்யும். அது என் குற்றமா? யார் கேட்கிறார்கள்!

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்கு மூன்று தடவை அச்சு எடுத்து, ராவி ராவிச் செட் செய்து கொடுத்திருந்தேன். அட்டை வைத்த மறுநாள் என் வாசலில் நின்று வாயை அகலத் திறந்து காட்டினார். "பாத்தியா? பாய் புண்ணியத்துல பல்லு அசையவே இல்ல!"

முறுக்கு

தளவானூரில் ஒரு கல்யாணம். என்னிடம் பல் கட்டிக்கொண்ட அம்மாள் எதிர்ப்பந்தியில் முறுக்கைக் கடுக்கென்று கடித்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இன்னா அக்கா, சொந்தப் பல்லா?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்: "செஞ்சில பாய் கடைக்குப் போ. எல்லாம் அங்கதான்."

நயினாரின் சந்தேகம்

நான் செட் செய்து கொடுத்திருந்த மேல்சித்தாமூர் நயினார் ஒருவர் வந்தார். சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார். "அட்ட வச்சு ஒரு வாரமா நல்லா சாப்புடுறேன் தம்பி. ஆனா இதுல உயிர்ப்பொருள் எதுனா கலந்திருக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வயிற்றெரிச்சல் விடவில்லை. "ஒட்டுற பசைய எலும்புலதான காச்சுவாங்க…" என்று இழுத்தேன். மனிதர் பதறிப்போய் அட்டையை உரித்து எறிந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள சொன்ன தம்பி. நீ இல்லன்னா இன்னும் பாவம் சேத்திருப்பேன்."

வெளிச்சம் போவதற்குள்

நாலாம் நாள் கன்னம் ஒட்டிப்போய் வந்தார். வயலிலிருந்து வீடு திரும்பி, ஆடும் பல்லோடு நாலு வாய் மெல்வதற்குள் இருட்டிவிடுகிறதாம். பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாராம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். டப்பாவில் இங்கிலீஷில் இருந்ததைப் பாய் படித்துச் சொன்னார்: பஞ்சும் மரப்பிசினும்தான்.

"தெரிஞ்சு சொல்லல நயினாரே, பொறாமைல சொல்லிட்டேன்" என்று பாய் எதிரிலேயே ஒப்புக்கொண்டேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை மூடினார். ஒரு அட்டையை வாங்கி நானே கத்தரித்து, நனைத்து, வைத்துக் கொடுத்தேன். நயினார் இரண்டு தடவை கடித்துப் பார்த்தார். செட் அசையவில்லை. "பொறாமைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, உன்ன நாலு வார்த்த புகழ்ந்துட்டு வயிறாரச் சாப்ட்டிருப்பனே!"

அதற்கப்புறம் அட்டையைப் பற்றி நான் பொய் பேசியதில்லை. ஆனால் புறப்படும்போது நயினார் பாயைப் பார்த்துத்தான் கும்பிட்டார் என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.