எண்ணெய் ஒழுகாத காற்றாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு பைனாகுலர் கிடக்கிறது. அதன் வார் அறுந்துபோன இடத்தில் நீல நைலான் வலைக்கயிறு கட்டியிருக்கும். குளச்சல் ஐஸ் கம்பெனி அக்காவுடையது. அவர் கணவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தபோது வாங்கியது. கணவர் இறந்தபின் கம்பெனியைத் தனியாக நடத்திய அக்கா, கரண்டு பில் தாங்காமல் வீட்டு மனையை விற்று ஆரல்வாய்மொழிப் பக்கம் பழைய காற்றாடி ஒன்றை வாங்கினார். அதில் கிடைக்கும் மின்சாரம் அவருடைய பில்லில் கழியும். அது ஓடாவிட்டால் ஐஸ் கம்பெனியை மூட வேண்டியதுதான். அந்தப் பக்கத்துக் காற்றாடிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் நான் மேற்பார்வையாளன்.

அக்கா யாரையும் எளிதில் நம்பமாட்டார். மீன்காரர்கள் சொல்லும் எடையை நம்பாதவர் என்னை மட்டும் நம்புவாரா? மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, சாலையோரம் நின்று பைனாகுலரில் தன் காற்றாடியைப் பார்ப்பார். அடையாளம் தவறக்கூடாதென்று அதன் கோபுரக் கதவில் மாதா படம் ஒட்டியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

2012 ஆகஸ்ட். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன; ஐஸுக்கு அடிபிடி. இங்கே நிறுத்திய பைக்கைத் தள்ளிவிடுகிற காற்று. அந்த நேரத்தில்தான் எங்களுக்கு மேலிருந்து போன் வரும், காற்றாடிகளை நிறுத்தச் சொல்லி. மழையால் மின்தேவை குறைந்துவிட்டதாம். அனல்மின் நிலையத்து நிலக்கரி உலைகளை நினைத்தபோது அணைத்து மூட்ட முடியாதாம். ஆகவே காற்று காத்திருக்க வேண்டுமாம். இதை உரிமையாளர்களிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் மேலாளரின் உத்தரவு. சொன்னால் அடுத்த காற்றாடியை எவன் வாங்குவான்? நான் அக்காவைப் போனில் கூப்பிட்டு, கியர் பெட்டியில் எண்ணெய் ஒழுகுகிறது என்றேன். ஒரே வாரத்தில் மூன்று முறை அதையே சொன்னேன்.

மூன்றாம் முறை சொன்ன அன்று மத்தியானமே அக்கா வந்து நின்றார். பைனாகுலரைத் தன் காற்றாடியோடு நிறுத்தாமல் வரிசை முழுக்க ஓட்டினார்.

"மக்கா, அஞ்சு காத்தாடிக்கும் ஒரே நேரத்துலயா எண்ணெ ஒழுகும்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. போன் வந்தது, உலை, உத்தரவு எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா வாற காத்த நிறுத்திப்போட்டு, காசு குடுத்து வாங்குன கரிய எரிக்காவளா? முன்ன சொன்ன கள்ளத்தயாவது நம்பலாம். எனக்க கரண்ட ஆருக்கு வித்த?"

கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை உண்மை சொன்னதற்கு இந்தப் பட்டமா? ஆனால் அவர் போனபிறகு அந்தச் சந்தேகம் என்னோடு தங்கிவிட்டது. அந்த உலையை நான் கண்டதில்லை. உத்தரவிட்டவர் யார், எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார், கரி யாருடையது, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் ஒரு குரல். அதை நம்பித்தான் ஒருத்தியின் பிழைப்பை நான் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் அக்கா காற்றாடியை விற்றார். ஐஸ் கம்பெனியையும் மூடினார். கடைசியாக வந்த அன்று மாதா படத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு, பைனாகுலரை என் மேசையில் வைத்தார். "எனக்குப் பாத்தது மதி, போதும். நிறுத்துதவனுக்குத்தான் கண்ணு வேணும்" என்றார்.

இப்போது சூரியத் தகடுகளும் வந்துவிட்டன. கரியைவிடக் காற்றும் வெயிலும் மலிவு என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். இருக்கலாம். இன்று காலையும் போன் வந்தது, நிறுத்தினேன். அக்காவின் காற்றாடியை இப்போது வைத்திருக்கும் அஞ்சுகிராமத்துக்காரர் போனில் கூப்பிட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சாரே, மறைக்காம சொல்லுங்க. எண்ணெ எதும் ஒழுகுதா?"

இழுப்பறையைத் திறந்து பைனாகுலரை எடுத்தேன். ஜன்னல் கதவைக் காற்று அறைந்துகொண்டிருந்தது. காற்றாடிகள் வரிசையாக அசையாமல் நின்றன.