காதுகுத்து மண்டபத்தில் ஓடிய கறுப்பு வெள்ளைப் படம்

போன ஆவணி மாதம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. விசேஷ வீடுகளில் எல்இடி திரை கட்டிப் படம் காட்டுவது என் தொழில். அன்று எல்லாம் தயார், தாய்மாமனை மட்டும் காணோம். மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். வரப்புத் தகராறில் பிள்ளையின் அப்பாவுக்கும் மாமனுக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தையே கிடையாதாம். பத்திரிகைகூட ஆள் மூலம்தான் போயிருக்கிறது.

நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. "ஒரு போனைப் போட்டுப் பாரு தாயி" என்று பிள்ளையின் அம்மாவிடம் பெண்கள் கெஞ்சினார்கள். "வேணாம்னு இருக்கவுகள நான் எதுக்குக் கூப்புடணும்?" என்று அவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டம் சலித்துப்போயிருந்தது. இளவட்டங்களாவது சிரிக்கட்டுமே என்று, கிண்டல் ரீல்ஸ் செய்ய நான் வைத்திருந்த பழைய படம் ஒன்றை நடுவிலிருந்து ஓடவிட்டேன். "மாப்ள, எம்புட்டு ஓவர் ஆக்டிங்னு இப்பப் பாரு" என்று கேமராக்காரனிடம் சொன்னேன். நினைத்தபடியே முதலில் ஒரே சிரிப்பு. அது அண்ணன் தங்கை கதை என்பது சத்தியமாக எனக்கு நினைவில்லை.

மனஸ்தாபத்தில் பிரிந்த அண்ணன், தங்கை வீட்டு வாசலுக்கு வருகிறான். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான், தட்டாமல் நிற்கிறான். பாட்டு இல்லை, வசனம் இல்லை, முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். அம்மாடி, என்ன முகம் அது! சிரித்தவர்கள் எப்போது அடங்கினார்கள் என்றே தெரியவில்லை. சமையல்காரர்கள் கரண்டியும் கையுமாக வந்து நின்றார்கள்.  இத்தனை வருடம் இதைப் பார்த்தா சிரித்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பினால், பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்துவிட்டார். "அண்ணே, நான் வாரேன். கெளம்பி நில்லு." அவ்வளவுதான். கணவரைப் பார்த்து, "வண்டிய எடுங்க" என்றார். அவரும் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பத்தேகாலுக்கு மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். சீர்த்தட்டு இல்லை, மேளம் இல்லை, மாமன் கட்டியிருந்த கைலியோடு வந்திருந்தார். யாரோ ஓடிப்போய் ஒரு வேட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளையை அவர் மடியில் வாங்கியபோது, கேமரா வழியாக என் திரை முழுக்க அவர் முகம்தான். உதடு துடிக்கிறது. கொஞ்ச நேரம் முன்பு அந்த நடிகரிடம் பார்த்தேனே, அச்சு அசல் அதே முகம்.

நம் வீட்டு மனிதர்களை எம்புட்டு உற்றுப் பார்த்திருந்தால் அந்தக் கால நடிகர்களுக்கு அப்படி நடிக்க வந்திருக்கும் என்ற பிரமிப்பு, எங்கே பழைய படம் ஓடினாலும் இன்றும் என்னை வாயடைத்து நிற்க வைக்கிறது.