அசலை அனுப்பியவள்

இந்தியக் குடிமகனை மணந்த பெண் தன்னைக் குடிமகளாகப் பதிவுசெய்யக் கோரலாம். பதிவானதும் பழைய குடியுரிமையைத் துறப்பேன் என்று உறுதி எழுதித் தந்தால் போதும். முன்கூட்டியே துறந்துவிட்டு வரச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. நான் திருவள்ளூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். விதிப் புத்தகம் என் மேசையிலேயே கிடந்தது. மாவட்ட அலுவலகம் வரை அது போய்ச் சேரவில்லை போலும்.

என் மனைவி ரங்கூனில் பிறந்தவள், பர்மியக் குடிமகள். அறுபத்து நான்கில் அவள் அப்பாவின் கடையை அங்குள்ள அரசு எடுத்துக்கொண்டதும் குடும்பத்தோடு கப்பலேறியவள். திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை தயாராக இருந்தது. 1970 ஜூனுக்குள் குடியுரிமைச் சான்றைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

மாவட்ட அலுவலக எழுத்தர் எங்களைக் கண்டதுமே சலித்துக்கொண்டார்.

"இன்னா சார், நீங்களும் ஆபீஸ் ஆளு, இப்படிப் பேஜாரு பண்றீங்களே. அந்த நாட்டை வுட்டாச்சுன்னு ஒரு பேப்பரு, அங்க வரிபாக்கி இல்லன்னு ஒரு பேப்பரு. ரெண்டையும் கொண்டாங்க, முடிஞ்சுபோச்சு."

"கடையையே புடுங்கிக்கினாங்க," என்றாள் அவள். "அதுக்கு வரி கட்டினோமான்னு அவங்களையே போய்க் கேக்கணுமா?"

விதியை மேற்கோள் காட்டி மூன்று மனுக்கள் எழுதினேன். அழகான மனுக்கள். பதில் இல்லை.

அவள் என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தாள். 'இந்தக் குடியுரிமை எனக்கு வேண்டாம்' என்று ஒரே வரி எழுதி, பர்மியக் குடியுரிமைச் சான்றின் அசலோடு சேர்த்து, டெல்லியிலிருந்த பர்மியத் தூதரகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாள். அசலைக் கைவிடாதே என்பது எழுத்தர் வேலையில் முதல் நாளே கற்கும் பாடம். இங்கேயும் மறுத்துவிட்டால் அவளுக்கு நாடே இல்லை.

"நகலாவது எடுத்து வச்சியா?"

"எதுக்குங்க? திரும்பிப் போறதுக்கா?"

அட்டை தூதரகத்தின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதை எழுத்தரின் மேசையில் வைத்தாள்.

"இது வெறும் தபால் அட்டைம்மா. அசலு எங்க?"

"அசலு என்கிட்ட இல்லன்னு காட்டத்தான் அட்டை."

"அப்ப நீ இப்ப எந்த நாடும்மா?"

"அதை நீங்கதான் எழுதணும். எழுதற வரைக்கும் இங்கியே உக்காந்துக்கினு இருப்பேன்."

மூன்று நாள் பஸ் ஏறிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்காம் நாள் கோப்பு மேலிடத்துக்குப் போனது. அவள் ஒரு விதியையும் மேற்கோள் காட்டவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் முழுக வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு தபால்காரர் அவளுடைய குடியுரிமைப் பதிவுச் சான்றைக் கொண்டுவந்தது 1970, தை அமாவாசையன்று.